புகைவண்டி நிலையம் ஓவியக் கூடமான வரலாறு

1877ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பாரிஸ் நகரில் நடைபெற்ற ஓர் ஓவியக் காட்சிக்குச் சென்றோர், அங்குத் தொங்கிய சில படங்களின்முன் திகைத்து நின்றனர். அவற்றில் அரசர் இல்லை, தேவர் இல்லை, போர்க்களமும் இல்லை. இரும்புத் தூண்கள் தாங்கிய கண்ணாடிக் கூரையின்கீழ் நீலமும் சாம்பலுமாகச் சுருண்டெழும் புகை, அதனூடே மங்கித் தோன்றும் எஞ்சின், ஆங்காங்கே சில மனித உருவங்கள், அவ்வளவே. குளோத் மோனே என்னும் ஓவியர் சான் லசார் புகைவண்டி நிலையத்தைக் கண்டு தீட்டிய பன்னிரண்டு ஓவியங்களுள் சில அவை.

புகைவண்டி நிலையம் ஓவியத்திற்குரிய பொருளாகுமா என்று அன்று பலர் கேட்டனர். அக்கேள்வியின் கூர்மை இன்று நமக்கு எளிதில் விளங்காது. வரலாறு, புராணம், விவிலியம் ஆகியவற்றையே உயர்ந்த ஓவியப் பொருள்களாக அரசு சார்ந்த கலைக் கழகத்தார் போற்றிய காலம் அது. தெருவும் சந்தையும் நிலையமும் வாழ்வதற்கு உரியன. வரைவதற்கு உரியன அல்ல என்பது அவர்தம் கொள்கை.

ஆனால் வாழ்க்கையோ அவர்களைக் கேட்டுக்கொண்டு மாறவில்லை. மூன்றாம் நெப்போலியனின் ஆணைப்படி 1853 முதல் ஓஸ்மான் என்னும் ஆட்சியாளர் பாரிசின் பழஞ்சந்துகளை இடித்து, நேரான அகன்ற வீதிகளை அமைத்தார். அவ்வழகிய வீதிகளுக்காக ஏழைக் குடிகள் பலர் நகரின் ஓரத்திற்குத் தள்ளப்பட்டனர் என்பதையும் மறத்தல் கூடாது. அப்புதிய வீதியொன்றில் குடைபிடித்து நடக்கும் மாந்தரை, ஏறத்தாழ ஆளுயரத்தில் வரைந்து அதே காட்சியில் வைத்தார் குஸ்தாவ் கய்போத் என்னும் இளைஞர். செல்வக் குடியில் பிறந்த இவர், நண்பர்களின் படங்களை விலை கொடுத்து வாங்கி அவர்களின் வறுமையைத் தணித்தவர். இவரை நாம் மீண்டும் காண்போம்.

புதிய வாழ்க்கை ஓவியனுக்குப் பொருளை மட்டுமன்றிக் கருவியையும் தந்தது. முன்பெல்லாம் அரைத்த எண்ணெய் வண்ணத்தை விலங்கின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பர்; அதை வெளியே எடுத்துச் செல்வது கடினம்; விரைவில் உலர்ந்தும் போகும். 1841இல் ஜான் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர், பிதுக்கி எடுக்கும் வெள்ளீயக் குழாயை உருவாக்கினார். இன்று பற்பசை வரும் குழாய்க்கு அதுவே முன்னோடி. ஓவியன் வண்ணங்களைப் பெட்டியிலிட்டுப் புகைவண்டியேறி, ஆற்றங்கரைக்கும் வயல்வெளிக்கும் சென்று அங்கேயே வரைந்து மாலையில் வீடு திரும்ப முடிந்தது. கருத்து மாறியதால் கலை மாறியது என்றே நாம் பெரும்பாலும் எழுதுகிறோம். இச்சிறு குழாய்க்கும் அதில் பங்குண்டு என்பது என் எண்ணம்.

கட்டடக் கலையின் நிலை சற்று வேறு. நிலையத்திற்குத் தூண் குறுக்கிடாத அகன்ற இடம் வேண்டும். மேலே ஒளி வேண்டும். புகை வெளியேற வழி வேண்டும். கல்லாலும் மரத்தாலும் இவற்றை ஒருங்கே பெறுதல் அரிது. இரும்பும் கண்ணாடியும் அதனை எளிதாக்கின. ஆயினும் கட்டடக் கலைஞர்கள் இரும்பை வெளியே காட்ட நாணினர். நிலையத்தின் முகப்பு கல்லில், அரண்மனை போல, இரும்பெல்லாம் உள்ளே! ஐபெல் கோபுரம் தன் இரும்பை மறைக்காமல் எழத் தொடங்கியபோது, 1887இல் மாப்பசான் முதலிய எழுத்தாளரும் கலைஞரும் செய்தித்தாளில் கண்டனம் வெளியிட்டனர்.

1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக விக்தோர் லலூ எழுப்பிய ஓர்சே நிலையம் இந்நாணத்தின் உச்சம் எனலாம். செய்ன் ஆற்றின் எதிர்க்கரையில் லூவர் அரண்மனை இருந்தமையால், ஏறத்தாழ 12,000 டன் உலோகத்தைக் கல்முகப்பால் மூடினார் அவர். அங்கு வந்த வண்டிகள் மின்சாரத்தால் இயங்கின. ஆகவே புகைபோக்கும் கவலையின்றி உட்புறத்தையும் பூவேலையால் அணி செய்ய முடிந்தது. நாம் தமிழில் புகைவண்டி என்று பெயரிட்டு மகிழ்ந்த ஊர்தி, அங்கே அப்போதே புகையை விட்டுவிட்டது!

இனிக் கய்போத்திடம் வருவோம். 1894இல் தம் நாற்பத்தைந்தாம் வயதில் அவர் மறைந்தார். தாம் சேர்த்த அறுபதுக்கும் மேற்பட்ட ஓவியங்களை நாட்டுக்கு வழங்குவதாகவும், அவற்றைப் பரணிலோ வெளியூரிலோ ஒதுக்கலாகாது, லுக்சம்பூர் அரும்பொருளகத்திலும் பின்னர் லூவரிலும் வைக்க வேண்டும் எனவும் உயில் எழுதியிருந்தார். விலையின்றி வந்த இச்செல்வத்தை ஏற்க அரசு தயங்கியது. கழகத்தார் எதிர்த்தனர். ஈராண்டுப் பேச்சுக்குப் பின் ஏறத்தாழ நாற்பது படங்களே ஏற்கப்பட்டன. மோனேயின் சான் லசார் ஓவியம் ஒன்று அவற்றுள் இடம் பெற்றது.

ஓர்சே நிலையத்திற்கும் இந்நிலையே நேர்ந்தது. வண்டிகள் நீண்டன, நடைமேடைகள் போதவில்லை, 1939இல் நெடுந்தொலைவு வண்டிகள் நின்றன. பின்னர் அது அஞ்சல் நிலையமாயிற்று, போர்க் கைதிகள் நாடு திரும்பியபோது அவர்களை வரவேற்கும் இடமாயிற்று, திரைப்படமும் எடுத்தனர். இறுதியில் அதை இடித்துத் தங்கும் விடுதி கட்டத் திட்டமிட்டனர். ஆனால் 1971இல் பாரிசின் மையச் சந்தையின் இரும்புக் கூடங்கள் இடிக்கப்பட்டபோது எழுந்த வருத்தம் மக்களை விழிக்கச் செய்திருந்தது. விடுதித் திட்டம் கைவிடப்பட்டது. 1978இல் அந்நிலையம் காக்கப்பட வேண்டிய நினைவுச் சின்னமாயிற்று.

1986 டிசம்பரில் அது ஓர்சே அரும்பொருளகமாகத் திறக்கப்பட்டது. தண்டவாளங்கள் கிடந்த நெடுங்கூடத்தில் இன்று சிற்பங்கள் நிற்கின்றன. பயணியர் நேரம் பார்த்த பெரிய கடிகாரம் அதே சுவரில் இருக்கிறது. கய்போத் கொடுத்த அந்தச் சான் லசார் ஓவியமும் இப்போது அக்கூரையின்கீழ்தான் உள்ளது.