கிரீட் துறைமுகங்களின் மரவேலை

1204-இல் கிரீட் தீவை விலைக்கு வாங்கி, 1669 வரை அதனை ஆண்ட வெனிஸ் குடியரசு, காண்டியா, கானியா முதலிய பட்டினங்களில் எழுப்பிய கோட்டைகளையும் கப்பற் கொட்டில்களையும் காண்போர், அவையனைத்தும் கல்லின் சாதனையென்றே கருதுவது சகஜம். ஆயினும் கானியாவின் கடற்கரையில் இன்றும் நிற்கும் அக்கொட்டில்களின் கல்வளைவுகள், தச்சனின் உதவியின்றி எழுந்திருக்க முடியாதவை. உச்சிக்கல் பொருந்தும்வரை வளைவு தன்னைத் தானே தாங்காதாதலால், அரைவட்டச் சட்டங்களை முதலில் நிறுத்தி, அவற்றின்மீது பலகை பரப்பி, அதன்மேல் கல்லடுக்கி, சாந்து இறுகிய பின்னரே மரத்தைப் பிரித்தெடுப்பது அக்காலச் சிற்பிகளின் வழக்கம். வேலை முடிந்ததும், தாங்கிய மரம் அடையாளமின்றி அகன்றுவிடும்.

தீவின் மரங்களில் சிரேஷ்டமானது, மேற்கே வெள்ளை மலைகளில் செழித்த ஸைப்ரஸ். நறுமணமும், பூச்சி எளிதில் அரிக்காத உறுதியும் வாய்ந்த அம்மரம், உள்ளூரில் உத்தரமாகவும் கப்பற் பலகையாகவும் பயன்பட்டதோடு, துணிமணி வைக்கும் பெட்டகங்களாகவும் உருப்பெற்று, கடல் கடந்து வெனிஸ் சீமான்களின் மாளிகைகளை அடைந்தது. ஒரே மலைக்காடு வீட்டுக்கும் மரக்கலத்துக்கும் வாணிபத்துக்கும் ஈடுகொடுத்த அந்நிலையில், பட்டினத்தின் ஐசுவரியம் துறைமுகத்தைப் போலவே வனத்தையும் சார்ந்திருந்தது.