வெலிகோவ்ஸ்கி, இம்மானுவேல் (1895–1979)

பழங்காலத் தெய்வக் கதைகள் வானில் நிகழ்ந்த பேரழிவுகளின் நினைவுகளே என்று வாதிட்ட மருத்துவர், உளப்பகுப்பாய்வாளர். இன்றைய பெலாரஸ் நாட்டின் வித்தெப்ஸ்க் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1921இல் மாஸ்கோவில் மருத்துவப் பட்டம் பெற்றார்; 1924 முதல் பாலஸ்தீனத்தில் மருத்துவம் பார்த்தார்.

ஃபிராய்டு போற்றிய மாந்தர்களைப் பற்றி ஒரு நூல் எழுதும் எண்ணத்துடன் 1939இல் நியூயார்க் சென்றார். அம்மாந்தருள் ஒருவரான மோசேயைத் தேடப் போனவரை இப்புவெர் பாப்பிரஸ் என்னும் பண்டை எகிப்தியச் சுவடி வழிமாற்றியது. அதிலுள்ள புலம்பலும் விவிலியத்தின் யாத்திராகமம் சொல்லும் வாதைகளும் ஒரே நிகழ்வைக் குறிப்பதாக அவருக்குப் பட்டது. அடுத்த பத்தாண்டின் பெரும்பகுதி நூலகங்களில் கழிந்தது. கிரேக்கம், மெக்சிகோ, பாபிலோன், இந்தியா என்று எந்த நாட்டின் கதையையும் அவர் விடவில்லை. கி.மு. 3102 எனக் குறிக்கப்பட்ட ஓர் இந்தியக் கோள் அட்டவணையில் வெள்ளி இல்லை என்பதையும், அக்கோள் பின்னரே தோன்றியது என்பதற்குச் சான்றாக்கினார். கலியுகத் தொடக்கமான அந்த ஆண்டு, பிற்கால வானியலார் பின்னோக்கிக் கணித்தது என்பதே ஆய்வாளர் கருத்து.

வியாழனிலிருந்து வெடித்துப் பிரிந்த வால்மீன் ஒன்று கி.மு. 15ஆம் நூற்றாண்டளவில் பூமியை நெருங்கிக் கடல்களைக் கலக்கியது; பின்னர் அதுவே வெள்ளிக் கோளாயிற்று என்பது அவர் கோட்பாடு. கிரேக்கர் வியாழனோடு இணைத்த சீயஸின் தலையிலிருந்து அதீனா பிறந்த கதையை இதற்குப் பொருத்திய விதம், கோட்பாட்டை ஏற்காதவரையும் ஒரு கணம் நிறுத்தி யோசிக்க வைக்கும்.

இக்கோட்பாட்டை அவர் விளக்கிய, ‘மோதும் உலகங்கள்’ என்று பொருள்படும் தலைப்புள்ள நூலை 1950 ஏப்ரலில் மேக்மில்லன் வெளியிட்டது. அச்சேறும் முன்பே ஹார்வர்டு வானியலாளர் ஹார்லோ ஷேப்லி பதிப்பகத்துக்குக் கண்டனக் கடிதங்கள் எழுதியிருந்தார். மேக்மில்லனின் பாடநூல்களை வாங்கமாட்டோம் என்ற மிரட்டல் பேராசிரியர்களிடமிருந்து வந்தது. நூல் விற்பனையில் முன்னணியில் இருந்தபோதே, சுமார் இரண்டு மாதங்களில், உரிமை டபுள்டே பதிப்பகத்துக்குக் கைமாறியது. நூலை ஏற்ற பதிப்பாசிரியர் ஜேம்ஸ் புட்னம் வேலையிழந்தார். திறந்த மனத்துடன் படியுங்கள் என்று சொன்ன ஹேடன் கோளரங்கத்தின் கார்டன் அட்வாட்டரும் பதவியிழந்தார். எதிர்ப்பில் ஷேப்லியின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அந்த இருவருக்கும் நேர்ந்தது அநீதி என்பதில் ஐயமில்லை.

பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைன் அவருடன் நட்போடு வாதாடினார். 1955இல் ஐன்ஸ்டைன் இறந்தபோது இந்நூல் மேசையில் விரித்தபடி கிடந்ததாகச் சொல்வர். அதே ஆண்டு வியாழனின் ரேடியோ அலைகள் கண்டறியப்பட்டன. வெலிகோவ்ஸ்கி அவற்றை 1953இலேயே எதிர்பார்த்திருந்தார். பார்க்மன், மோட்ஸ் என்ற இரு அறிவியலாளர்கள் 1962இல் ‘சயின்ஸ்’ இதழில் இதை எடுத்துக்கூறினர். அது முன்கணிப்பா, தற்செயலா என்ற வழக்கு ஓயவில்லை. ஆனால் வெள்ளி மேகங்களில் அவர் எதிர்பார்த்த ஹைட்ரோகார்பன்கள் இல்லை. இருப்பது கந்தக அமிலம். 1974இல் சான் பிரான்சிஸ்கோ கருத்தரங்கில் கார்ல் சாகன் கோட்பாட்டை விரிவாக மறுத்தார்.

எகிப்திய வரலாற்றின் காலவரிசையை மாற்றியமைக்க முயன்ற வெலிகோவ்ஸ்கியின் நூல்கள் 1952 முதல் வெளிவந்தன. 1979 நவம்பர் 17 அன்று பிரின்ஸ்டனில் காலமானார். சில கையெழுத்துப் பிரதிகள் மறைவுக்குப் பின் அச்சாயின.