மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு முன் கல்விப் பதிவைச் சீர்செய்தல் (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

இளங்கலைப் படிப்பில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள், மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் கூடுதல் பாடங்களைப் படித்தும் நுழைவுத் தேர்வை மீண்டும் எழுதியும் தங்கள் தகுதியை உயர்த்திக்கொள்ளும் முயற்சி. அமெரிக்காவில் மருத்துவம் பட்டப்படிப்புக்குப் பிந்தைய நான்காண்டுப் படிப்பு என்பதால் இம்முயற்சி அங்கு ஒரு தனித்துறையாகவே வளர்ந்துவிட்டது. இந்தியாவில் நீட் தேர்வை மறுமுறை எழுதுபவருக்கு அந்த ஆண்டின் மதிப்பெண்ணே கணக்கு. முந்தைய ஆண்டின் தோல்வி தரவரிசையில் சேராது. அமெரிக்காவிலோ பதினெட்டு வயதில் வாங்கிய ‘டி’ மதிப்பெண், முப்பது வயதில் போடும் விண்ணப்பத்திலும் இடம்பெறும்.

கல்லூரி மதிப்பெண்ணுக்கு இத்தனை எடை எப்போதும் இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் பெரும்பாலான மருத்துவப் பள்ளிகளை மருத்துவர்களே கட்டண வருமானத்துக்காக நடத்தினர். பணம் கட்டியவர் சேர்ந்தார். உயர்நிலைப் பள்ளியை முடித்தாரா என்றுகூடப் பல இடங்களில் கேட்கவில்லை. 1893இல் பால்டிமோரில் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி இளங்கலைப் பட்டத்தை நுழைவுத் தகுதியாக வைத்தது. இதற்குக் காரணம் பேராசிரியர்களைவிட நன்கொடையாளரான மேரி எலிசபெத் காரெட். தொடங்க முடியாமல் நின்றுபோயிருந்த பள்ளிக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல் கொடுத்த அவர், பெண்களை ஆண்களுக்குச் சமமாகச் சேர்க்க வேண்டும், அறிவியல் அடித்தளமுள்ள பட்டதாரிகளையே எடுக்க வேண்டும் என்ற நிபந்தனைகளில் உறுதியாக நின்றார். மாணவர்களாக விண்ணப்பித்திருந்தால் தமக்கே இடம் கிடைத்திராது என்று வில்லியம் ஆஸ்லர் தம் சக பேராசிரியர் வெல்ச்சிடம் வேடிக்கையாகச் சொன்னதாகக் கூறுவர்.

ஹாப்கின்ஸின் வழக்கம் நாட்டின் வழக்கமானது ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னரால். கார்னகி அறக்கட்டளைக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 பள்ளிகளை ஆராய்ந்து அவர் 1910இல் வெளியிட்ட அறிக்கை, தரமற்ற பள்ளிகளின் மூடலை விரைவுபடுத்தியது. கறுப்பின மாணவர்களுக்கான ஏழு பள்ளிகளில் ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே எஞ்சின. எஞ்சிய பள்ளிகளிலும் 1920களில் நடுவழியில் நின்றுவிடும் மாணவர்கள் பெருகியதால், யாரால் படிப்பைத் தாங்க முடியும் என்று முன்கூட்டியே கணிக்க 1928இல் எஃப். ஏ. மாஸ் ஒரு தேர்வை வகுத்தார். அதன் வழிவந்ததே இன்றைய எம்கேட். இவ்வாறு பட்டப்படிப்பு மதிப்பெண், நுழைவுத் தேர்வு என்ற இரு சல்லடைகளும் அமைந்தன. விண்ணப்பதாரரின் ஆளுமையையும் சேவையையும் முழுமையாகப் பார்ப்பதாகக் கல்லூரிகள் இன்று கூறினாலும், விண்ணப்பம் முதலில் சலிக்கப்படுவது இவற்றில்தான்.

எம்.டி. பட்டம் வழங்கும் கல்லூரிகளில் பெரும்பாலானவை ஆம்காஸ் என்னும் பொது விண்ணப்பச் சேவை வழியாகவே விண்ணப்பங்களைப் பெறுகின்றன. பள்ளிக்குப் பின் அமெரிக்கக் கல்லூரிகளில் படித்த பாடங்கள் அனைத்தும், இடையில் விட்டவையும் திரும்பப் படித்தவையும் உட்பட, அதில் பதிவாக வேண்டும். ‘ஏ’க்கு 4, ‘பி’க்கு 3, ‘சி’க்கு 2 என்று எண்ணி, கிரெடிட் எடையோடு சராசரி காணப்படுகிறது. இதுவே ஜி.பி.ஏ. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றுக்குத் தனிச் சராசரியும் உண்டு.

சீர்செய்தலின் முதன்மைத் தடை இந்தச் சராசரியின் கணக்குதான். 120 கிரெடிட்டில் 2.8 பெற்ற பட்டதாரி, மேலும் 30 கிரெடிட் படித்து அனைத்திலும் ‘ஏ’ வாங்கினாலும் 3.04க்குத்தான் வருவார். 3.5ஐ எட்ட 168 கிரெடிட் முழுவதிலும் ‘ஏ’ வேண்டும். அது முதல் பட்டப்படிப்பையே விடப் பெரிது. ஆகவே சராசரியைத் தூக்குவதைவிட, கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளின் ஏறுமுகத்தைக் காட்டுவதே நடைமுறையில் பலன் தருகிறது. ஆம்காஸ் மதிப்பெண்களை ஆண்டுவாரியாகப் பிரித்துக் காட்டுவதால் அந்த ஏறுமுகம் தேர்வுக் குழுவின் கண்ணில் படும்.

டி.ஓ. பட்டம் வழங்கும் ஆஸ்டியோபதிக் கல்லூரிகள் நீண்ட காலம் இதில் தாராளமாக இருந்தன. கரிம வேதியியலில் ‘டி’ வாங்கியவர் அதே பாடத்தைத் திரும்பப் படித்து ‘ஏ’ வாங்கினால் பழையது கணக்கிலிருந்து நீங்கிவிடும். 2017இல் அவ்விதி கைவிடப்பட்டது. இப்போது ‘டி’யின் ஒன்றும் ‘ஏ’யின் நான்கும் சேர்ந்து சராசரி 2.5 ஆகும். டெக்சாஸில் மட்டும் வேறொரு வாசல் உண்டு. அம்மாநிலத்தவர், பத்தாண்டுக்கு முந்தைய கல்லூரிப் பாடங்களைப் பொதுக் கல்லூரிகள் பொருட்படுத்தாதிருக்கக் கோரலாம். ஆனால் நல்ல மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு கெட்டதை மட்டும் கழிக்க முடியாது. அக்காலத்துப் பட்டமும் சேர்ந்தே போய்விடும்.

சீர்செய்யும் படிப்புகள் இரு வகை. முதலாவது போஸ்ட்-பேக் எனப்படும் பட்டத்துக்குப் பிந்தைய இளங்கலைநிலைப் படிப்பு. இதன் மதிப்பெண் இளங்கலைச் சராசரியுடன் சேரும். அருகிலுள்ள அரசுக் கல்லூரியில் மேல்நிலை அறிவியல் பாடங்களைத் தாமே தேர்ந்து படிப்பதும் இதில் அடங்கும். செலவிலும் இதுவே சிக்கனமானது. 1972 முதல் நடைபெறும் பிரின் மார் கல்லூரியின் புகழ்பெற்ற போஸ்ட்-பேக் திட்டம், அறிவியல் படிக்காமல் வேறு துறையில் நன்றாகத் தேர்ந்து மருத்துவத்துக்கு மாறுவோருக்கானது. மதிப்பெண் குறைந்தவர்கள் அதன் பெயரைக் கேட்டு விண்ணப்பித்து ஏமாறக்கூடாது.

இரண்டாவது, எஸ்.எம்.பி. எனப்படும் சிறப்பு முதுகலை. 1970களின் நடுவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் உடலியங்கியலில் தொடங்கிய ஓராண்டுப் படிப்பு இதன் முன்னோடிகளுள் ஒன்று. மாணவர்கள் முதலாண்டு மருத்துவப் பாடங்களையே படித்து, மருத்துவ மாணவர்களோடு ஒப்பிட்டு மதிப்பிடப்படுகின்றனர். முதுகலை மதிப்பெண் தனியாகக் காட்டப்படுவதால் இளங்கலைச் சராசரி அசையாது. அங்கும் ‘பி’களாக வாங்கினால் மருத்துவப் படிப்பு தாங்காது என்பதற்கு அதுவே சான்றாகிவிடும். எனவே இது போஸ்ட்-பேக்குக்குப் பிறகு எடுக்க வேண்டிய கடைசி அடி.

எம்கேட் மதிப்பெண் 472 முதல் 528 வரை. ஓராண்டில் மூன்று முறை, அடுத்தடுத்த ஈராண்டுகளில் நான்கு முறை, வாழ்நாளில் ஏழு முறை எழுதலாம். எழுதிப் பெற்ற எல்லா மதிப்பெண்களும் கல்லூரிக்குத் தெரியும் என்பதால் ஒத்திகை பார்க்கும் தேர்வாக இதைக் கொள்வது கேடு.

அண்மை ஆண்டுகளில் எம்.டி. கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரி ஜி.பி.ஏ. 3.7ஐத் தாண்டியும் எம்கேட் 512ஐ ஒட்டியும் உள்ளது. இதற்கிடையே, 2025இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம், முதுநிலை மாணவர்களுக்கான கிராட் பிளஸ் கடனைப் புதியவர்களுக்கு 2026 ஜூலை 1 முதல் நிறுத்துவதால், எஸ்.எம்.பி. படிக்கப் பணம் திரட்டுவது கடினமாகும்.