விறகோடு வந்து கேட்ட மன்னிப்பு

ஊர் கூடிச் சமைக்கும் இடத்துக்கு வெறுங்கையோடு போவது மரியாதை இல்லை. அதுவும் மனஸ்தாபம் உள்ளவர்கள் வீட்டுக்குப் போவதென்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் பசிபிக் கடலில் உள்ள சமோவா தீவுகளில் அந்தக் காலத்தில் தப்பு செய்தவர்கள் கையில் என்ன கொண்டு போனார்கள் தெரியுமா? விறகு, கல், இலை!

சமோவா மக்களின் அடுப்புக்கு உமு என்று பெயர். விறகை எரித்துக் கற்களைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். அதன்மேல் சேம்பங்கிழங்கு, ஈரப்பலா, மீன், பன்றி எல்லாவற்றையும் வைத்து, வாழை இலைகளால் மூடிவிடுவார்கள். அந்தச் சூட்டிலேயே எல்லாம் வெந்துவிடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். விறகு, கல், இலை எல்லாம் வந்துவிட்டது. பன்றி எங்கே? கொண்டு வந்தவர்கள்தான் பன்றி! "எங்களைச் சமைக்க வேண்டுமானாலும் சமைத்துக்கொள்ளுங்கள்" என்பதுதான் அதன் பொருள். ஜார்ஜ் டர்னர் என்ற பாதிரியார் 1884-ல் வெளியிட்ட சமோவா பற்றிய புத்தகத்தில், போரில் தோற்றவர்கள் இப்படி வந்து பணிந்ததைக் குறித்திருக்கிறார்.

மாலியேதோவா ஃபாயிங்கா என்ற தலைவனைப் பற்றி ஒரு வாய்வழிக் கதையும் உண்டு. நரமாமிசம் தின்னும் அவனுக்கு இரையாகப் போன இளைஞர்களைப் பார்த்து அவனுடைய மகனே மனம் இரங்கினானாம். அவர்களுக்குப் பதிலாகத் தன்னைத் தென்னை ஓலையில் சுற்றி அப்பாவின் முன்னால் வைக்கச் சொன்னானாம். ஓலைக்குள் மகனைப் பார்த்த தகப்பன் அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டான் என்கிறது கதை.

தப்பு செய்தவர்கள் பணிந்து மன்னிப்புக் கேட்கும் இந்தச் சடங்குக்கு இஃபொங்கா என்று பெயர். தாழ்ந்து பணிதல் என்று பொருள். கொலை போன்ற பெரிய குற்றம் நடந்தால், குற்றவாளியின் குடும்பத் தலைவர் விடிவதற்கு முன்பே பாதிக்கப்பட்டவர் வீட்டு முன்னால் போய் உட்காருவார். தலைமேல் ஒரு பாய் போர்த்தியிருக்கும். நம் ஊர் தாழை இனத்து ஓலையை மெல்லிசாகக் கிழித்து மாதக்கணக்கில் பின்னுகிற, விலைமதிப்புள்ள பாய் அது.

அவர் வாய் திறக்க மாட்டார். வீட்டுக்காரர்கள் வந்து பாயை எடுத்தால்தான் மன்னிப்பு. எடுக்காமல் மணிக்கணக்கில் உட்கார வைக்கலாம். ஆத்திரத்தில் அடிக்கவும் செய்யலாம். அதற்கும் சேர்த்துத்தான் அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்.

இது பழங்கதை மட்டும் இல்லை. 1970-களில் நியூசிலாந்து போலீசார், விசா முடிந்தும் தங்கியவர்களைத் தேடி, பசிபிக் தீவு மக்களின் வீடுகளில் விடியற்காலையில் புகுந்து சோதனை போட்டார்கள். விசா முடிந்தவர்கள் மற்ற நாட்டவரிலும் இருந்தார்கள். குறி வைக்கப்பட்டது இவர்கள்தான். 2021 ஆகஸ்ட் 1-ம் தேதி, ஆக்லாந்து நகர மண்டபத்தில் அன்றைய பிரதமர் ஜசிண்டா ஆர்டர்ன் அதற்காக அரசு சார்பில் மன்னிப்புக் கேட்டார். அதற்கு முன் அவரை உட்கார வைத்து ஒரு பெரிய பாயால் மூடினார்கள். பசிபிக் சமூகத்தினர்தான் அதை விலக்கினார்கள்.

ஒரு நாட்டின் பிரதமரே பாய்க்குள் காத்திருக்க வேண்டியிருந்தது!

நாம் ஒரு "ஸாரி" சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் உடனே சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். சமோவா மக்கள் கொண்டு வந்த விறகு வேறு விஷயம் சொல்கிறது. மன்னிப்புக் கேட்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அடுப்பு மூட்டுவதா, பாயை எடுப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் காயம்பட்டவர்தான்.