எச்சில் காற்று

1732-ஆம் வருஷம் ஸ்காத்லாந்தில், அல்லோவா என்ற ஊரில், நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து பேச்சு மூச்சற்ற ஒருவனைத் தூக்கி வந்தார்கள். வைத்தியர் வில்லியம் டாஸக் அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஊதினார். நாலு மணி நேரத்தில் ஆள் தன் காலாலேயே வீட்டுக்கு நடந்து போனான்!

எனக்கு ஆச்சரியம் இதிலல்ல. பின்னால் வந்த மேதாவிகளிடந்தான். 1774-ல் பிரீஸ்ட்லி பிராணவாயுவைப் பிரித்தெடுத்தார். வெளிவிடும் மூச்சு கெட்ட காற்று என்றாயிற்று. எச்சில் காற்றையா கொடுப்பது என்று முகம் சுளித்துத் துருத்தியை எடுத்தார்கள். அதுவும் போய், முதுகை அமுக்குவதும் கையைத் தூக்குவதுமாக நூறு வருஷத்துக்கு மேல் கழிந்தது. பிறந்த குழந்தை அழாவிட்டால் அதன் வாயில் ஊதுவதை மருத்துவச்சிகள் மட்டும் விடவில்லை.

கணக்கு மிகச் சுலபம். உள்ளே போகும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. வெளியே வருவதில் ஏறக்குறைய 16. கரியமிலவாயு 4 பங்கு சேர்கிறது, வாஸ்தவம். ஆனால் நாம் எடுத்துக்கொள்வது 5 பங்குதானே? மிச்சம் அப்படியே திரும்பி வருகிறதே! மயக்க மருந்தில் கிடந்தவர்களுக்குத் தம் மூச்சையே ஊதி, அவர்கள் இரத்தத்தில் பிராணவாயு குறையவில்லை என்று அமெரிக்க டாக்டர் ஜேம்ஸ் ஈலம் காட்டியது 1954-ல்.