பிறந்த ஊரும் அன்றைய ராஜ்யமும்

வம்ச வரலாறு எழுதப் புகுவோர், 1930-ஆம் ஆண்டில் திருமயத்தில் ஜனித்த பாட்டனாரின் ஜன்மஸ்தலத்தைத் 'தமிழ்நாடு, புதுக்கோட்டை மாவட்டம்' என்று குறிப்பது, அன்பினால் நேர்ந்ததாயினும், சரித்திரத்திற்கு விரோதமே. ஏனெனில், அவர் பிறந்த நாளில் அவ்வூர் பிரிட்டிஷ் இந்தியாவிலும் சேராமல், அம்மன் காசு என்னும் சொந்த நாணயத்தோடு விளங்கிய தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சார்ந்திருந்தது. 1948 மார்ச் 3-இல் அச்சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்து திருச்சி ஜில்லாவின் பகுதியாயிற்று. 'தமிழ்நாடு' என்ற பெயர் வந்தது 1969-இல், மாவட்டம் உதயமானது 1974-இல். இன்று இதே மாவட்டத்திலுள்ள அறந்தாங்கியோ அதுவரை தஞ்சை ஜில்லாவைச் சார்ந்திருந்தது. பொருள் தேடிக் கடல் கடந்தோர் விஷயத்திலும் இவ்விதமே: பர்மா 1937 மார்ச் இறுதி வரை இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. ஆகவே, அன்பர்களே, அன்றைய பெயரை முதலில் எழுதி, இன்றைய பெயரை அதனருகே அடைப்புக்குறிக்குள் வையுங்கள்.