ஸ்லேட்டரின் வினாநிரல் எங்கே போயிற்று?

1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களிடம் ஒரு வினாநிரலைக் கொடுத்துத் தத்தம் ஊருக்கே அனுப்பினார். நிலம் யார் கையில், கூலி எவ்வளவு, கடன் யாரிடம் என்று கேட்டெழுதச் செய்தார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான் முதலிய ஊர்கள் 1918இல் நூலேறின. இவற்றுள் கங்கைகொண்டான், தாராவித் தமிழர் பலரின் பூர்விகமான திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது. அம்மக்கள் ஏன் ஊரைவிட்டுக் கிளம்பினர் என ஆராய்வோர் அந்நூலைத் தவிர்க்க இயலாது.

1930களில் பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் அதே பல்கலைக்கழகத்திலிருந்து அவ்வூர்களை மறு ஆய்வு செய்தனர். 1980களிலோ அப்பணி சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் கைக்கு வந்துவிட்டது.

மும்பைக்கும் இத்துறையில் பெரும் மரபுண்டு. பம்பாய்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம். எல். தாந்த்வாலாதான் 1965இல் வேளாண் விலைக் குழுவின் முதல் தலைவர். ஆனால் 1960இல் பந்த்நகரில் தொடங்கி வேளாண் பல்கலைக்கழகங்கள் பெருகவே, பாடம் இரண்டாகப் பிளந்தது. அங்கே சாகுபடிச் செலவுக் கணக்கு மேலோங்கியது, பொதுப் பல்கலைக்கழகங்களின் பொருளாதாரத் துறைகள் மெல்ல வயலை விட்டு விலகின (கணினித் தரவு மலிவு, களப்பணி செலவு!). நிலத்தையும் கூலியையும் கடனையும் ஒருசேர விசாரித்த வினாநிரல் இரண்டுக்கும் நடுவே அநாதையாயிற்று. இருபதாண்டுக்கொருமுறை அதே ஊருக்குத் திரும்பும் ஆய்வுக்கு, மூன்றாண்டு நல்கையில் இடம் ஏது?